பெட்டி கட்டுகிறார் காக்கா

துபாய் தேராவில் நைஃப் பக்கம், எட்டுக் கட்டில் அறை. ஞாயிற்றுக்கிழமை மாலை. சப்காவில் கார்கோ பெட்டி கட்டும் கீழக்கரைக் காக்கா, வெள்ளிக்கிழமையோடு விசாவை கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போகிறார். அறைக்காரர்கள் வைத்த விருந்தின் வீடியோ டிவி பாக்ஸுக்குள் கிடக்கிறது. அதைப் பென்டிரைவில் ஏற்றித் தருவதாக மொபைல் கடைத் தம்பி ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். (தம்பி ஈரோடு. கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள் என்று தெரியாமல், வந்த புதிதில் யாராவது கூப்பிட்டால் ஜன்னலைப் பார்த்தவன்.)

காக்கா: ஆச்சாப்பா?

தம்பி: ரெண்டு நிமிஷம் காக்கா. இந்த பாக்ஸ்ல ஃபைல் மேனேஜரே இல்ல. அதை இறக்கணும்.

காக்கா: உள்ள கிடக்கிற சாமானை வெளிய எடுக்கத் தனி ஆளா?

தம்பி: இது பார்க்கிறதுக்குச் செஞ்ச பாக்ஸ். எடுத்துட்டுப் போறதுக்கு இல்ல.

காக்கா: நான் வந்த புதுசுல கேசட்ல பேசி, ஊருக்குப் போறவர் கையில கொடுப்பேன். உம்மா பட்டனை அமுக்குனா நான் பேசுவேன். சரி, இதென்ன, 64ன்னு வாங்கினேன், 59தான் காட்டுது?

தம்பி: பென்டிரைவ் கம்பெனி 1000, 1000ஆ எண்ணும். பாக்ஸ் 1024, 1024ஆ எண்ணும். அதனால 59.6.

காக்கா: பக்கத்துல தங்கச் சந்தையில போய் 64 கிராமுன்னு பில் போட்டு 59 கிராம் நிறுத்துக் கொடுக்கச் சொல்லு பார்ப்போம்.

தம்பி: (காப்பியைத் தட்டுகிறான். பாதியில் நிற்கிறது) இடம் இல்லையாம்.

காக்கா: 59 சும்மாதானே கிடக்கு?

தம்பி: வீடியோ 6 ஜிபி. பென்டிரைவ் ஃபேட்32ங்கிற ஃபார்மேட்ல இருக்கு. அதுல ஃபைலோட அளவை எழுத 32 கட்டம்தான், ஒரு கட்டத்துல 0 இல்லைன்னா 1. அதுக்குள்ள எழுதக்கூடிய பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அத்தனை பைட், அதாவது 4 ஜிபி. அதுக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது.

காக்கா: இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே! மொத்தம் 40 கிலோ கொண்டுபோகலாம், ஆனா ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினா ஏர்போர்ட்டுல ஏத்த மாட்டான். அந்தச் சட்டம்தானே? எப்ப வந்தது இந்த ஃபேட்32?

தம்பி: 1996.

காக்கா: நான் தேராவுக்கு வந்த வருஷம். அவனுக்கும் ரிட்டயர்மென்ட் இல்லையா? சரி, ரெண்டாப் பிரிச்சுக் கட்டு.

தம்பி: அதெல்லாம் பழைய முறை காக்கா. செட்டிங்ஸ்ல ‘டிவைஸ் ஸ்டோரேஜ்’னு ஒண்ணு இருக்கு. அதைக் கொடுத்தா எவ்வளவு பெரிய ஃபைலும் ஏறும். (ஓகே, ஓகே, ஓகே.) பாருங்க, ஏறுது!

காக்கா: ஆமை மாதிரி ஏறுது. டப்பாவுல 480ன்னு போட்டிருந்துச்சே?

தம்பி: அது செகண்டுக்கு இத்தனை மெகாபிட்னு கணக்கு. எட்டால வகுத்தா 60 மெகாபைட். கையில வர்றது ஏழோ எட்டோதான்.

காக்கா: ஏஜென்ட் மெட்ராஸ்ல சொன்ன சம்பளம் மாதிரி.

(கால் மணி நேரம். தம்பி பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த அறை டிவிக்கு ஓடுகிறான். தலையைத் தொங்கப் போட்டுத் திரும்புகிறான்.)

தம்பி: அந்த டிவியில தெரியல காக்கா. பூட்டிருச்சு. ஆண்ட்ராய்டு 6லேர்ந்து இப்படி. எந்த பாக்ஸ் சேர்த்துக்குதோ, அதுல மட்டும்தான் திறக்கும். சாவி அந்த பாக்ஸுக்குள்ள.

காக்கா: பாஸ்போர்ட்ட, விசா கொடுத்த கஃபீல் பெட்டியில வச்சுப் பூட்டின மாதிரியா? வேற இடத்துல வேலை செய்யக் கூடாது, ஊருக்கும் போகக் கூடாது. நான் வந்த காலத்து விசா அப்படித்தான் இருந்துச்சு. பாவம் பென்டிரைவ். (திடீரென்று) டேய், அதுலதானே மெஸ் கணக்கு வச்சிருந்தோம்?

தம்பி: (தரையைப் பார்த்து) ஃபார்மேட் ஆனதுல போயிருக்கும்.

காக்கா: கேக்காமலா அழிச்சுது?

தம்பி: கேட்டுச்சு. இங்கிலீஷ்ல.

காக்கா: நீ இங்கிலீஷ் மீடியம்ல?

தம்பி: யாரு காக்கா படிக்கிறா? ஓகே கொடுத்துட்டே போறதுதான்.

காக்கா: அதுவும் சரிதான். நானும் அரபியில எழுதின எத்தனையோ காகிதத்துல கையெழுத்துப் போட்டவன்தான்.

தம்பி: (முகம் மலர்ந்து) மனசுல வச்சுக்காதீங்க காக்கா. கணக்கே இல்லைன்னா யாருக்கும் பாக்கியும் இல்ல. எல்லாருமா சந்தோஷமா பிரியலாம்.

காக்கா: (தலையணைக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த நோட்டை எடுக்கிறார்) உன் பேருக்கு நேரா 340 திர்ஹம். மூணு மாசம்.

தம்பி: ரெண்டு இடத்துல எழுதியா வச்சீங்க?

காக்கா: நீங்கள்லாம் காப்பின்னு சொல்றது இதைத்தானே? வியாழக்கிழமைக்குள்ள கொடுத்துரு. இப்ப போய் லேப்டாப் எடுத்துட்டு வா. வீடியோவை ரெண்டா வெட்டு. பிரியாணி வர்ற வரைக்கும் ஒரு பெட்டி. பிரியாணி வந்தப்புறம் ஒரு பெட்டி.