எழுபதுக்கு ரெண்டு குறைச்சல்

டெக்ஸாஸில், டாலஸுக்கு வடக்கே பரந்து கிடக்கும் புறநகர்களில் எந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். கழுத்தில் விசில். பள்ளிச் சின்னம் போட்ட போலோ சட்டை. ஜனவரிக் குளிரிலும் அரை டிராயர். கையில் ஒரு காகிதக் கப், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்புவதற்கு. பெயர் கோச். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வீட்டம்மாவே சில சமயம் வாய் தவறி ‘கோச்’ என்று கூப்பிட்டுவிடுவதாகக் கேள்வி.

பெரிய பள்ளிகளில் தலைமைக் கோச்சுக்குப் பெரும்பாலும் வகுப்பு கிடையாது. நம்மவர் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர் என்கிற தடுப்பாட்டப் பையன்களுக்குப் பொறுப்பான உதவிக் கோச். பள்ளிக்குத் தேவைப்பட்டதோ கோச், காலியாக இருந்ததோ வரலாற்று வாத்தியார் இடம். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள். அதில் இளைத்துப்போனது வரலாறுதான்.

பதினோராம் வகுப்புக்கு அங்கே அமெரிக்க வரலாறு 1877-இல் தொடங்கும். ஃபுட்பால் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். பந்துக்குக் காலைவிடக் கையில் வேலை அதிகமாக இருக்கிற அந்த ஃபுட்பால்! சீசன் முடிகிற வரை வெள்ளிக்கிழமை வகுப்பென்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டுவிடுவார். ரயில் பாதை போட்டவர்கள், எஃகு முதலாளிகள் எல்லாரும் திரையில் தோன்றி மறைவார்கள். கோச்சின் மடிக்கணினியில் வேறு படம் ஓடும்: இன்று ராத்திரி மோதப்போகிற அணி போன வாரம் ஆடிய ஆட்டம். ஃபிரிஸ்கோ, பிளேனோ மாதிரிப் புறநகர்களில் குடியேறிய நம் ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். பிள்ளையை ஏபி என்கிற கல்லூரித் தர வகுப்பில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

தியோடர் ரூஸ்வெல்ட் பாடம் வந்தால் மட்டும் கோச்சுக்கு அருள் வந்துவிடும். ஏகபோகக் கம்பெனிகளை ரூஸ்வெல்ட் கோர்ட்டுக்கு இழுத்தது ஒரு வரி. பனாமாக் கால்வாய் அரை வரி. பிறகு விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார். 1905-இல் கல்லூரி ஃபுட்பால் மைதானங்களில் பையன்கள் அடிபட்டுச் சாகிறார்கள். ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன்காரர்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசுகிறார். மறு வருஷம் விதி மாறுகிறது, பந்தை முன்னோக்கி எறியலாம் என்று. அதுதான் ஃபார்வர்ட் பாஸ். பலகை முழுக்க வட்டமும் பெருக்கல் குறியும் அம்புமாக நிரம்பும். அதே 1906-இல் ரூஸ்வெல்ட்டுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ரஷ்யாவையும் ஜப்பானையும் சமாதானப்படுத்தியதற்காகக் கொடுத்தார்கள். கோச் அந்த விவரத்துக்குள் போவதில்லை. “ஃபார்வர்ட் பாஸ். நோபல். ரெண்டும் 1906. நோட் பண்ணிக்குங்க” என்பார், அவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்டவரை அல்ஜீப்ராவின் காலடியில் விழவைத்தது ஒரு சட்டம். ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் பையன் மைதானத்தில் இறங்கக் கூடாது என்று 1984-இல் டெக்ஸாஸ் சட்டம் போட்டது. யோசனையை முன்னின்று தள்ளியவர் கோடீஸ்வரர் ராஸ் பெரோ. கையெழுத்துப் போட்ட கவர்னர் மார்க் ஒயிட் 1986 தேர்தலில் தோற்றார். அதில் கோச்சுகளின் கைங்கரியமும் உண்டு என்பார்கள். கவர்னர் போனார், சட்டம் மட்டும் போகவில்லை.

அதனால் மார்க் ஷீட் வருகிற வாரத்தில், பெண் பார்க்க வந்தவரைப் போல டோனட் பெட்டியும் கையுமாகக் கணக்கு டீச்சரின் அறை வாசலில் நிற்பார் கோச்.

“டீச்சர், நம்ம பையனுக்கு 68-ஆமே?”

“ஆமா கோச். எழுபதுக்கு ரெண்டு குறைச்சல்.”

“ரெண்டு கஜம்னு வெச்சுக்குங்க. எங்க ஆட்டத்துல நாலு தடவை முட்டிப் பார்க்க விடுவாங்க.”

“அல்ஜீப்ராவுல ஒரு தடவைதான். செவ்வாய்க்கிழமை மறுபரீட்சை. படிச்சிட்டு வரச் சொல்லுங்க. பெட்டியை எடுத்துட்டுப் போங்க.”

பெட்டியை வைத்துவிட்டுத்தான் வருவார். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு, பார்க்கிங்கில் விளக்குகூட அணையாத நேரத்தில், லைன்பேக்கர் கூட்டத்தையே கணக்கு ட்யூஷனுக்கு ஓட்டிக்கொண்டு வருவார். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். இருபடிச் சமன்பாடு அவருக்குச் சத்தியமாகப் புரியாது. ஆனால் எவன் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே புரியும். செய்யாதவன் சாயங்காலம் மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு போன் போட்டு, “பையன் சாப்பிட்டானாம்மா? எட்டாவது கணக்கு முடிச்சானா?” என்று விசாரிப்பார்.

அந்தப் பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைக்கு ஆள் உண்டு. எந்தக் கல்லூரிக்கு மனுப் போடலாம் என்று கவுன்சிலர் கூப்பிட்டு வைத்துப் பேசுவார். அறுபத்தெட்டுக்காக ராத்தூக்கம் கெடுகிறவர் கோச் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்குப் பயந்துதான் கெடுகிறது என்பது வாஸ்தவம். பக்கத்து ஊர் ஆலனில் 2012-இல் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள், ஒரு பள்ளிக்கூடத்துக்காக! கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-இல் மூடி, பழுதுபார்த்துத் திறந்தார்கள். விரிசல் விட்ட ஸ்டேடியத்துக்கு அந்த ஊர் இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. தோற்ற கோச்சுக்கு எந்த ஊரும் கொடுக்காது.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. அல்ஜீப்ராவில் 71. கோச் தாழ்வாரம் அதிர விசில் ஊதினார். கையோடு கம்ப்யூட்டரில் பையனின் மற்ற மார்க்குகளைத் தட்டிப் பார்த்தார். வரலாற்றில் 66.

எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக வைத்த பரீட்சை அது. திருத்தியவர் பக்கத்து அறை டீச்சர். கோச் விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். ரூஸ்வெல்ட்டுக்கு நோபல் பரிசு ஏன் கிடைத்தது என்று கேள்வி. பையன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்: ஃபார்வர்ட் பாஸ்.

“ஏன்டா இப்படி எழுதின?”

“நீங்க நோட் பண்ணச் சொன்னீங்களே, கோச்.”

மறுநாள் ஆறே முக்காலுக்குப் பக்கத்து அறையில் வரலாற்று ட்யூஷன். மாணவர்கள் இரண்டு பேர். டோனட் பெட்டியோடு வந்தவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து நோட் பண்ணிக்கொண்டிருந்தார்.