சேற்றுக்குப் பொறுப்பான அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் சேற்றுக்குப் பொறுப்பான அலுவலகம், சென்னை. (அப்படியோர் அலுவலகம் இல்லையெனில், இல்லை என்று சான்றளிக்க அதிகாரம் பெற்ற அலுவலகம்.)

பொருள்: சேற்றின் உரிமையாளரைத் தீர்மானித்தல் தொடர்பாக.

மாட்சிமை பொருந்திய அலுவலகத்திற்கு,

வெள்ளத்தைப் பற்றிய அரசு ஆவணங்கள் பெரும்பாலும் தண்ணீரின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றன என்பதும், தண்ணீர் வடிந்தபின் வீடுகளில் தங்கிவிடும் சேற்றைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை என்பதும் அலுவலகம் அறியாததன்று. 2015 டிசம்பர் 1 அன்று இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது என்பதற்குப் பதிவேடு உண்டு (ஓரடி நீளமும் அகலமும் உயரமும் கொண்ட பெட்டி கொள்ளும் அளவே ஒரு கனஅடி). ஏரியின் முழு உயரம் 24 அடி என்பதற்கும், அப்போது நேர்ந்த வெள்ளப் பேரிடர் மனிதரால் விளைந்தது என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை கூறி, அது 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டதற்கும் ஆவணம் உண்டு. அந்த நீர் ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடு வீடாக விட்டுச்சென்ற சேறு எத்தனை கனஅடி என்று கேட்டால் மட்டும் அலமாரிச் சாவி காணாமற்போய்விடுகிறது.

இக்குறைக்கு அலுவலர்களைக் குற்றம் சொல்வது முறையன்று. சிக்கல் சட்டத் தன்மை உடையது. ஆறு நீர்வளத் துறைக்குரியது. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சிக்குரியது. பெருஞ்சாலைகள் சிலவும் அவற்றின் ஓரக் கால்வாய்களும் நெடுஞ்சாலைத் துறைக்குரியவை. கழிவுநீர்க் குழாய், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வாரியத்துக்குரியது. எழுத்தறிவில்லாத தண்ணீர் இந்த எல்லைப் பலகைகளைப் படிக்காமல் வந்துவிடுவதால், ஆற்று வண்டலும் வடிகால் குப்பையும் சாக்கடையும் பணிமனைகளின் கரியெண்ணெயும் ஒன்றாய்க் குழைந்து ஒரு குடும்பத்தின் சமையலறையில் கணுக்காலளவு படிகின்றன. அக்கலவையில் எத்துறையின் பங்கு எத்தனை விழுக்காடு என்று பிரித்துச் சொல்லும் ஆய்வகம் அமையாத வரையில், சேறு எவர் வீட்டில் கிடக்கிறதோ அவருக்கே உரியது என்னும் வழக்காறே நிலைத்துவிடுகிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதிக்கிறது. வீட்டுக்குள் மண்ணே கிடைத்தால் எவருக்குத் தெரிவிப்பது என்பதை அச்சட்டம் இயற்றிய ஆங்கிலேயரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், அரசு சேற்றை அறவே அறியாததும் அன்று. நடுவண் அரசும் மாநில அரசும் பங்கிட்டு நிரப்பும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் செலவு நெறிமுறைகளில், விளைநிலத்தில் படிந்த மணலையும் வண்டலையும் அகற்றுவதற்கு உதவித்தொகை உண்டு. ஆனால் படிவு 3 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும், அதற்குரிய அதிகாரி சான்றளிக்கவும் வேண்டும். இரண்டே முக்கால் அங்குலம் சேறு வாய்த்த உழவர் ஆற்றைத்தான் நொந்துகொள்ள வேண்டும். வீட்டுத் தரைக்கோ அந்த அங்குலக் கணக்கும் கிடையாது. 2015இல் குடிசை இழந்தோருக்கு 10,000 ரூபாயும் தண்ணீர் புகுந்த பிற வீடுகளுக்கு 5,000 ரூபாயும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் ரேஷன் கடை டோக்கன் வழியே 6,000 ரூபாயும் வழங்கப்பட்டன. அலமாரி மேல்தட்டு வரை மூழ்கிய வீட்டுக்கும் வாசற்படியை நனைத்துத் திரும்பிய வீட்டுக்கும் ஒரே தொகை என்பது, வேறு பல துறைகளில் இன்னும் எட்டாக்கனியாக உள்ள சமத்துவம் இங்கே எளிதில் கைகூடியதைக் காட்டுகிறது.

சேற்றை அகற்றும் முறை பற்றி அலுவலக நூலகத்தில் கையேடு இல்லாதிருக்கக்கூடும் என்பதால், மக்கள் பட்டறிந்தது இங்குச் சற்று விரிவாகவே பதியப்படுகிறது. ஈரமாக இருக்கும்போதே சேற்றை அள்ளிவிட வேண்டும். வெயில் அடித்துக் காய்ந்துவிட்டால் அது பாளம் பாளமாக வெடித்து இறுகி, கடப்பாரைக்கே வழிவிடும். முறத்தாலும் பக்கெட்டாலும் வாரிக் கொட்டியது போக எஞ்சும் வழுக்கலான படலம், தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினால் மட்டுமே போகும். வெள்ளம் புகுந்த வீட்டில் முதலில் இல்லாமற்போவது தண்ணீர்தான் என்பது இங்குதான் புலப்படுகிறது. சம்ப் எனப்படும் தரைக்கீழ்த் தொட்டியில் சாக்கடை கலந்திருக்கும். அதை இறைத்துவிட்டு, உட்புறம் தேய்த்துப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். இறைக்க வேண்டிய மோட்டாரோ அதே நீரில் மூழ்கிக் கிடக்கும். கழற்றிக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனால் தெருவிலுள்ள மோட்டார்கள் அனைத்தும் அங்கே முன்பே வரிசையில் இருக்கும். மோட்டார் திரும்பினாலும் மின்சாரம் திரும்ப வேண்டும். மின்சாரம் திரும்பினாலும் ஊறிய சுவரிலுள்ள சுவிட்சைத் தொட வீட்டில் ஒருவர் துணிய வேண்டும். எனவே லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நிற்பதே வெள்ள மீட்பின் முதற்கட்டம் எனலாம். நீர் குடித்த இலவம்பஞ்சு மெத்தையை நால்வர் சேர்ந்து இழுத்துப்போட்ட பின், அதன்மேல் உப்பிப்போன கட்டில் பலகையும் ஒட்டிக்கொண்ட பாடப்புத்தகங்களும் குவிய, தெருவே அடைபட்டுக் குப்பை லாரி உள்ளே வர இயலாமல் போகிறது. வாசலில் கொட்டிய சேறு அடுத்த தூறலில் மழைநீர் வடிகாலுக்குள் இறங்கி, மறு ஆண்டின் தூர்வாரும் ஒப்பந்தத்துக்கு மூலப்பொருளாகிவிடுகிறது; எதுவும் வீணாகாத இச்சுழற்சியைப் பொருளியல் அறிஞர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

இவற்றையெல்லாம் தெருவிலிருந்து அள்ளியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். 2015இல் பிற மாவட்டங்களிலிருந்தும் அவர்கள் பேருந்துகளில் அழைத்துவரப்பட்டனர். கையுறையும் முழங்காலளவு காலணியும் அவர்கள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பாராட்டு மட்டும் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கிடைத்தது.

2023 டிசம்பரில் எண்ணூரில் நிகழ்ந்தது சேற்றியலில் ஒரு வளர்ச்சி நிலை. மிக்ஜாம் மழை வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கி, கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் பரவியபோது, கரையோர வீடுகளின் சுவர்களில் வெள்ளம் ஏறிய மட்டத்தைப் பின்னர் அளந்தறியும் தேவையே எழவில்லை. கறுப்புக் கோடாக அது தானே வரையப்பட்டிருந்தது. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வந்திறங்கும் அந்நீரில், மிதக்கும் எண்ணெயை உறிஞ்சும் இயந்திரங்கள் போதிய அளவில் வந்துசேரும் முன், மீனவர்கள் தம் ஃபைபர் படகுகளில் சென்று பிளாஸ்டிக் குவளையால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினர். குளியலறைக் குவளையொன்று பெட்ரோலியத் தொழில்நுட்பக் கருவியாகப் பதவி உயர்வு பெற்ற நிகழ்வு இது. 2015இல் தம் படகுகளை நகரத்துத் தெருக்களுக்குள் கொண்டுவந்து மாடிகளில் தவித்தவர்களை மீட்டதும் சென்னைக் கடற்கரையின் மீனவர்களே என்பதால், அனுபவச் சான்று கேட்கப்படாமலே அவர்கள் இப்பணிக்குத் தகுதி பெற்றிருந்தனர் போலும். பிறகு குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகைச் சீர்செய்ய 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. படகில்லாமல், சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களின் தோலைச் சீர்செய்யும் தொகை எத்தலைப்பின் கீழ் வரும் என்பது விளங்கவில்லை.

ஆகவே பின்வருவன பணிவுடன் கோரப்படுகின்றன. வீட்டுச் சேற்றுக்கும் அங்குலக் கணக்கு வகுத்து, அளவுகோலும் சான்றளிக்கும் அதிகாரியும் சேறு ஈரமாக இருக்கும்போதே வந்துசேர வழிசெய்ய வேண்டும். காயில் கட்டுபவர்கள், மின்பணியாளர்கள், லாரித் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் ஆகியவை அக்டோபரிலேயே வார்டுதோறும் ஆயத்தமாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலான ஆண்டுகளில் அம்மாதத்தில்தான் வருகிறது என்னும் தகவல் இத்துடன் அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்படுகிறது. சேறு அள்ளுவோருக்குக் காலணி, கையுறை, எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து ஆகியவை பாராட்டுரைக்கு முன்னதாக வழங்கப்பட வேண்டும். இவை இயலாவிடில், குவளையைப் பேரிடர் மேலாண்மைக் கருவிகளின் பட்டியலில் சேர்த்து, உடைந்தால் மாற்றித் தரவாவது ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
அடையாற்றங்கரையிலும் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்திலும் சேறு அள்ளியவர்கள்.

இணைப்பு: சேறு, ஒரு கோணி. தபாலில் ஏற்க மறுத்துவிட்டதால் மழைநீர் வடிகால் வழியே அனுப்பப்பட்டுள்ளது. வடிகாலின் மறுமுனை எதனோடும் இணைக்கப்படாததால் அது அனுப்பியோரிடமே திரும்பும் எனில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையில் எத்துறை கையொப்பமிடும் என்பதையும் தெரிவிக்கக் கோரப்படுகிறது.