முத்திரைக்கு மேல் முத்திரை

கேள்வி: அரசே கொடுத்த பட்டச் சான்றிதழுக்கு, வெளிநாடு செல்லும்போது அரசே மீண்டும் சான்று தர வேண்டியிருப்பது ஏன்?
– வாசகர், வேப்பம்பட்டு

பதில்: சென்னைப் பல்கலைக்கழக அதிகாரியின் கையெழுத்தைச் சிங்கப்பூர் அதிகாரி அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால், அக்கையெழுத்தை மாநில அரசும், மாநில அரசின் கையெழுத்தை இந்திய வெளியுறவு அமைச்சகமும் அடுத்தடுத்து உறுதிசெய்கின்றன. முன்பு இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியாக, செல்லவிருக்கும் நாட்டின் தூதரகமும் இருந்தது. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, உறுப்பு நாடுகளுக்கிடையே அதை நீக்கி, 'அப்போஸ்டில்' என்னும் ஒரே வடிவிலான சான்றுறுதியை ஏற்படுத்தியது. இந்தியாவில் அது 2005 ஜூலை 14 முதல் நடப்பில் உள்ளது. உடன்படிக்கையில் சேராத ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்குத் தூதரகச் சான்று இன்றும் தேவை. அப்போஸ்டில், கையொப்பமும் அதை இட்டவரின் பதவியும் முத்திரையும் மெய்யானவை என்று உறுதிகூறுமே தவிர, ஆவணத்தில் எழுதியிருப்பதற்குப் பொறுப்பேற்காது. ஆகவே, மூன்றாம் வகுப்பில் தேறியவரை அது முதல் வகுப்புக்கு உயர்த்தாது. அந்த மூன்றாம் வகுப்புக்குக் கையெழுத்திட்டவர் உண்மையான அதிகாரிதான் என்பதை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு முறைப்படி அறிவிக்கும்.