மூன்று போகமும் மூன்று ஷிப்டும்

நான் பையனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரான மண்ணூரில் வருஷம் மூன்று போகமாகப் பிரிந்திருந்தது. சித்திரை, வைகாசியில் சொர்ணவாரி, ஆவணியில் சம்பா, மார்கழி, தையில் நவரை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் அப்பா சிட்டா, அடங்கலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு, ஊர் வழக்கில் சொசைட்டிக்கு, கிளம்புவார். கடனில் ஒரு பங்கு ரொக்கமாக வரும், மறு பங்கு யூரியா, டிஏபி மூட்டைகளாக மாட்டு வண்டியில் வந்து இறங்கும். “சொசைட்டி லோன் கெடச்சிருச்சு” என்று அவர் சொன்னால், அந்தப் போகத்துக்கு வட்டிக்காரர் வாசலை மிதிக்க வேண்டாம் என்று அம்மா நிம்மதியாக இருப்பாள்.

அந்த நிம்மதிக்கு வேர் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. விவசாயிகளின் கடன்சுமைக்கு வழி தேடிய சென்னை மாகாண அரசு, ஐரோப்பாவில் கிராம வங்கிகள் எப்படி நடக்கின்றன என்று ஆராயும் பொறுப்பை பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் கொடுத்தது. அவருடைய அறிக்கை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்தது. ஜெர்மனியில் ராய்பைசன் என்பவர் தொடங்கிய சங்கங்களை நம் கிராமங்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். ஒருவரையொருவர் அறிந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்கும் முறை அது.

1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி, திருவள்ளூரை அடுத்த திரூரில் இந்தியாவின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. ஒன்று எங்களுக்கு வடக்கே, மற்றொன்று தென்மேற்கே. நாடு முழுவதும் பரவிய இயக்கம் இந்த மண்ணில்தான் முதலில் காலூன்றியது என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

பிறகு காலம் மாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது. நெல் விளைந்த இடங்களில் மனைக்கற்கள் முளைத்தன. எங்கள் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் இன்று வரிசையாக வாடகை அறைகள், அவற்றில் ஒடிசா, பீகார் பையன்கள். மூன்று போகம் பார்த்த குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று ஷிப்டுக்கு கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்.

உழவு குறைந்த இடத்தில் உழவர் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் காலை அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட நகைக்கடனுக்கு வந்த தாய் இருப்பார். சுயஉதவிக் குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட பெண்கள் சேர்ந்து வந்திருப்பார்கள். முன்பு 50 கிலோவாக இருந்து 2018இல் 45 கிலோவான யூரியா மூட்டைக்காக, கருவியில் விரல்ரேகை வைத்துக்கொண்டிருப்பார் ஒரு விவசாயி. தமிழ்நாட்டில் பெரும்பாலான ரேஷன் கடைகளை நடத்துவதும் கூட்டுறவுச் சங்கங்கள்தான். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் இங்கே நடைமுறைக்கு வந்த பிறகு, ஒடிசா பையனும் தன் ஊர் அட்டையைக் காட்டி இங்கேயே அரிசி வாங்கலாம். உறுப்பினரின் தேவை மாறியபோது சங்கமும் கூடவே நடந்து வந்தது. அதனால்தான் அது பிழைத்திருக்கிறது.

ஆனால் இன்னும் ஏர் பிடிப்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். குத்தகைக்காரருக்கும் பயிர்க்கடன் தர விதி இடம் கொடுக்கிறது. ஆனால் நிலத்தின் விலை இப்படி ஏறிக் கிடக்கும் இடத்தில், குத்தகையை எழுத்தில் ஒப்புக்கொள்ள நிலத்துக்காரர் தயங்குகிறார். காகிதம் இல்லாதவருக்குக் கடன் இல்லை. உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லாத கடன் சொசைட்டியில் இருக்கும்போது, உண்மையில் நடவு நடுபவர் கந்துவட்டிக்குப் போகிறார். 1904இல் எந்தத் துயரத்துக்கு மருந்தாகச் சங்கம் பிறந்ததோ, அதே துயரம் இது.

தள்ளுபடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. நொந்துபோன குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடனுக்குத்தான் அது பொருந்தியது. நாணயமாக முன்பே கட்டியவருக்கு எதுவும் இல்லை. தவணை தவறாமல் கட்டுவதைத் தன் மானமாக நினைத்த அப்பாவின் தலைமுறைக்கும் அரசு ஏதாவது ஒரு மரியாதை செய்திருக்கலாம்.

வங்கியில் நாம் வாடிக்கையாளர்கள், சொசைட்டியில் பங்குதாரர்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். அந்த உரிமையை நாம் மறந்தால் சங்கம் வெறும் அடகுக் கவுண்டராகிவிடும்.

ஆகவே கம்பெனிக்குப் போகும் என் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அப்பா, தாத்தா பெயரில் இருக்கும் பங்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பங்கு இல்லாதவர்கள் உறுப்பினராகச் சேருங்கள். பேரவைக் கூட்டத்துக்கு லீவு போட்டாவது போங்கள். வரவு செலவைக் கேளுங்கள். நம் ஊரில் நடவு நடும் குத்தகைக்காரர்களுக்கு இந்த வருஷம் எத்தனை கடன் கொடுத்தீர்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை சொசைட்டிக்கு உண்டு, கேட்கும் கடமை நமக்கு உண்டு.