ஃபோவும் ரசமே என்னும் கூற்று: ஒரு கள ஆய்வு

ஃபோ என்பது ரசத்தின் ஒன்றுவிட்ட தங்கை என்ற கருதுகோளை முதலில் முன்வைத்தவர் என் மாமி. களம்: சிட்னி, கபிரமாட்டா, ஜோன் வீதியில் ஒரு நூடுல்ஸ் கடை. காலம்: சனி மதியம், பசி.

முதலில் பெயராய்வு. எழுத்தில் ஃபோ, வியட்நாமியர் வாயில் ஏறக்குறைய ‘ஃபா’, அதுவும் கேள்வி கேட்பதுபோல் தாழ்ந்து எழும். அந்தத் தொனிக்கு அவர்கள் வைத்த பெயரே ‘கேள்வி’தான். தொனி பிசகினால் சொல்லே வேறாகிவிடும். ஆகவே விவரமறிந்தோர் மெனு அட்டையில் எண்ணைத் தொட்டுக் காட்டுவர். ஆய்வாளரும் அவ்வாறே இரண்டு கேட்டார்.

கிண்ணம் வந்தது. மேலே மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி, சிவப்பாக.

“தம்பி, இது பச்சையாக் கிடக்குதெல்லே?”

“பொறுங்கோ மாமி.”

கொதிசாற்றில் அமுக்கியதும் ஓரங்கள் வெளிறி, மெல்லச் சுருண்டு, சாம்பல் நிறமாயின. மாமி அடுப்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கரண்டி உறிஞ்சினார்.

“கறுவா, கராம்பு, அன்னாசிப்பூ. சுட்ட வெங்காயம், இஞ்சி. புளியைத்தான் விட்டிட்டாங்கள்.”

புளிக்கு மாற்றாக எலுமிச்சைத் துண்டு பக்கத்தட்டில் இருந்தது. கூடவே முளைப்பயறு, மிளகாய், ஒரு கொத்து இலை. மாமி இலையைக் கசக்கி மோந்து, “திருநீற்றுப்பச்சை!” என்றார். தாவரவியலும் மாமி பக்கமே, இரண்டும் ஓரினம்.

இந்தத் தட்டுக்கும் வரலாறு உண்டு. வடவியட்நாமில் பிறந்த ஃபோ, 1954இல் நாடு பிரிந்தபோது தெற்கே இடம்பெயர்ந்த லட்சக்கணக்கானோருடன் சைகோனில் பரவி, முளைப்பயறையும் இலைகளையும் சேர்த்துக்கொண்டது. 1975இல் சைகோன் வீழ, மறுபடி இடம்பெயர்ந்தது. 1976 ஏப்ரலில் ஐந்து பேருடன் முதல் அகதிப் படகு டார்வினை அடைந்தது. பின்னர் வந்தோரில் பலர் கபிரமாட்டாவைச் சுற்றியிருந்த குடியேறிகள் விடுதிகளில் தங்கி, அங்கேயே ஊன்றிவிட்டனர். ஆக, இருமுறை இடம்பெயர்ந்த சாறு. மாமியும் அப்படித்தான்: 1995இல் வலிகாமத்தை விட்டு வன்னிக்கு, பிறகு இங்கே.

கருதுகோளுக்கு ஒரே தடை, ரசத்தை எவரும் குச்சியால் உண்பதில்லை என்பது. மாமி குச்சிகளை மேசையோரம் ஒதுக்கினார். நூடுல்ஸ் தீர்ந்தது, சாறு பாதி மிஞ்சியது. அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றித் தரும்படி கைச்சாடையாலேயே கேட்டு வாங்கினார்.

அன்றிரவு டூங்காபியில், வீட்டில், சூடான குத்தரிசிச் சோற்றுக்கு நடுவே குழி செய்து அதை ஊற்றினார். கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டார்.

“புளி விட்டிருக்கலாம்,” என்றார், இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டே.