பேய்க்கும் நேரம் இருந்தது

கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய வாசலில் ஒரு பையன் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் வழக்கமாக மூன்று வகை நோட்டீஸ்தான் கிடைக்கும்: ஐ.டி.ஐ. படித்த ஆள் தேவை, அங்கீகாரம் பெற்ற மனை விற்பனை, ஆபரேஷன் இல்லாமல் மூலத்துக்கு வைத்தியம். இது நாலாவது வகை. வழுவழுப்பான தாள். ஒரு பக்கம் டோப்பா வைத்த மொசார்ட், மறுபக்கம் ஹெட்போன் மாட்டிய கைக்குழந்தை. ஆறு வயதுக்குள் மூளை 85 சதவீதம் வளர்ந்துவிடுமாம். அதன் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு கேள்வி: நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

நான் எலக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். என்னோடு ஓடியவர்களில் பலர் சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள். நோட்டீஸை வாங்கி, பெஞ்சில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து தூங்கிப்போனார்கள். மொசார்ட் அவர்களுக்கு அந்த அளவில் உதவினார்.

85 சதவீதம் என்பது வகுப்புக்காரரின் கைச்சரக்கு அல்ல. 2020 தேசியக் கல்விக் கொள்கையிலேயே அச்சாகியிருக்கிறது. அச்சடித்ததும் கடமை முடிந்தது என்று அரசு கையைத் துடைத்துக்கொண்டது. வியாபாரி விடுவானா? மிச்சமுள்ள 15 சதவீதத்தில் பிழைப்பு நடத்தும் நம்மைப் பிடித்து உலுக்குகிறான். ஆறு மாதம் முதல் நான்கு வயது வரை சேர்க்கை. மாதம் நாலு வகுப்பு, வகுப்புக்கு 45 நிமிடம், கட்டணம் 2,500 ரூபாய். கிலுகிலுப்பைப் பெட்டிக்குத் தனிக்காசு. சிப்காட் கம்பெனி ஊழியர்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி. இது 'குடும்ப இசை' என்பதால் தாய், தந்தை இருவரும் பிள்ளையோடு உட்கார்வது கட்டாயம்.

அந்தக் கடைசி வரியை எழுதியவர் இந்த ஊரில் ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்க மாட்டார்.

மொசார்ட்டை ஏன் இழுத்தார்கள் என்பது தனிக்கதை. 1993இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மொசார்ட் கேட்கவைத்து, மடித்து வெட்டிய காகிதம் விரிந்தால் எப்படி இருக்கும் என்கிற மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். கொஞ்சம் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் கால் மணி நேரத்தில் கரைந்தும் போனது. 'நேச்சர்' இதழில் குட்டிக் கட்டுரையாக வந்தது. அந்த 36 பேரில் கைக்குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு தர 1,05,000 டாலர் கேட்டார். குழந்தைகளுக்கு 'பேபி ஐன்ஸ்டீன்' வீடியோக்களை விற்ற டிஸ்னி, 2009இல் வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பித் தர முன்வந்தது. அங்கே திருப்பி வாங்கிக்கொண்ட சரக்கு ஜி.என்.டி. ரோட்டில் இப்போதுதான் இறங்குகிறது.

பாட்டால் பிள்ளைக்கு நன்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மடியில் போட்டுப் பாடினால் அழுகை அடங்கும், பேச்சு பிடிபடும். பிள்ளைக்கு எப்போது இசை சொல்லித்தர ஆரம்பிக்கலாம் என்பதற்கு ஹங்கேரியின் சோல்தான் கோடாய் முதலில் சொன்ன பதில், பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு. பிறகு அதையும் திருத்தி, தாய் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு என்றார். அந்தக் கணக்கில் நம் ஊர் ஆயாக்கள் அந்த வேலையை நாற்றங்காலிலேயே முடித்துவிட்டார்கள். ரசீது போடாததால் யாருக்கும் தெரியவில்லை.

வகுப்பின் பாடத்திட்டத்தையும் பார்த்தேன். முதல் மாட்யூல் தலையசைப்பு, அடுத்தது நாக்கசைப்பு, அதற்கடுத்தது கைதட்டல், கடைசியில் குட்டி டிரம். பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்கு இங்கே சிரிப்பு வரும். ஐந்தாம் மாதம் கை ஊன்றித் தலையாட்டினால் செங்கீரை, நாவை அசைத்துத் தாலாட்டினால் தால், ஒன்பதாம் மாதம் கைகொட்டினால் சப்பாணி, ஆண்பிள்ளை வளர்ந்து கொட்டினால் சிறுபறை. பத்துப் பருவத்துக்கும் நூற்றுக்கணக்கான வருஷங்களாகப் புலவர்கள் பாட்டெழுதித் தள்ளியிருக்கிறார்கள். சப்பாணிக்குக் கட்டணம் வாங்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் தமிழ்ப் புலவர்கள் வறுமையில் செத்தார்கள்.

இவ்வளவு பேசுகிற நானும் போனேன். சென்னையில் வேலை பார்க்கும் மகளின் உத்தரவு. பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை டெமோ கிளாஸ். கீழே பேக்கரி, மாடியில் வகுப்பு. நீல ஃபோம் விரிப்பு, சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏ.சி. வெளியே கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒவ்வொன்று போகும்போதும் கண்ணாடி அதிர்ந்தது. அதுவும் ஒரு தாளம்தான், பாடத்திட்டத்தில் இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். எங்கள் தெருக்காரர், ரோலிங் மில்லில் பதினோரு வருஷம். ராத்திரி ஷிப்ட் முடித்து, குளித்து, ஒன்றரை வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நேராக வந்திருக்கிறார். முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்பு. பாப்பா அதன்மேல் விரலால் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் நல்ல பெண், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இசை படித்தவர் இந்த நாட்டில் வேறு எங்கே போவார்? 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்பயிற்சி, தையல், இசை என்று எல்லாம் சேர்த்து. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு அவ்வப்போது எச்சில் கையை உதறியதுபோலக் கொஞ்சம் கூட்டினார்கள். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போடும் கோஷத்தில் சுருதி சுத்தமாக இருக்கும், சந்தேகமே வேண்டாம்.

'கேட்கும் பயிற்சி' ஆரம்பித்தது. பெரியவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டீச்சர் பின்னால் எங்காவது நின்று சின்ன மணி ஒன்றை ஆட்டுவார். சத்தம் வரும் பக்கம் பிள்ளையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். மணி ஒலித்தது. பிள்ளைகள் திரும்பினார்கள், நாங்களும் திரும்பினோம். அவர் திரும்பவில்லை. கண் மூடியபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இன்னொரு முறை ஒலித்தது. மடியில் இருந்த பாப்பா கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பாவின் தாடையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், தூங்கிட்டீங்களா?" என்று டீச்சர் தோளைத் தொட்டுச் சிரித்தார்.

"தூங்கலைங்க மேடம். நீங்க எப்ப அடிப்பீங்கன்னுதான் காத்துட்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

இரைச்சல் காதைத் தின்னும்போது முதலில் உச்சத்தில் உள்ள ஒலிகளைத்தான் தின்னும், நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில். டிரெய்லர் கேட்கும், டிரம் கேட்கும், மேஸ்திரியின் கத்தல் கேட்கும். மணி, சலங்கை, பிள்ளை மெதுவாகச் சொல்லும் சொல்லில் ச, ஸ எல்லாம் போய்விடும். போனது திரும்பாது. இது ஒன்றும் ரகசியமல்ல. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களில் ஒன்றாக இதைச் சேர்த்திருந்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று உச்சவரம்பும் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் நிற்பவனுக்கு வரம்பு என்ன என்று கேட்டால், பன்னிரண்டு மணி நேர வேலை என்று ஒன்று கிடையவே கிடையாது என்பார்கள். உண்மைதான். 2023 ஏப்ரலில் அதற்கென்று ஒரு மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, ஊர் கொதித்ததும் மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிவித்தார்கள். ஆகவே பன்னிரண்டு மணி நேரம் சட்டப்படி இல்லை. ஓ.டி. என்ற பெயரில் மட்டும் இருக்கிறது.

"வீட்டுக்காரம்மா வரலையா? ரெண்டு பேரும் வரணுமே" என்று டீச்சர் கேட்டார். நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்து அவளை ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஞாயிறும் டூட்டி. அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் போன் பாகங்களைக் கோர்ப்பாள். சொந்த போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

பிள்ளையைக் கூடவே கூட்டிப்போகலாமே என்று சட்டம் எப்போதோ கேட்டிருக்கிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது 1948 சட்டம். அதன் பலனாக, சரியாக 30 பெண்கள் மட்டும் வேலை செய்யும் அதிசயத் தொழிற்சாலைகள் நாட்டில் முளைத்தன. முப்பத்தோராவது பெண் கான்ட்ராக்டரின் ஆள், முப்பத்திரண்டாவது பெண் பயிற்சி மாணவி. 2017 மகப்பேறுச் சட்டத் திருத்தம், ஐம்பது ஊழியர் உள்ள இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. நாலு முறை! கழிவறைக்குப் போவதற்கே டோக்கன் எண்ணும் லைனில். புதிய தொகுப்புச் சட்டங்களும் காப்பகத்தைப் பற்றி அழகாகவே பேசுகின்றன. இந்த நாட்டில் தாலாட்டைவிடத் தூக்கம் வரவழைக்கும் இலக்கியம் தொழிலாளர் நலச் சட்டம்தான்.

சரி, அரசாங்கமே நடத்தும் இலவசப் பாட்டு வகுப்பு இல்லையா? இருக்கிறது. எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம். அங்கன்வாடி என்று போர்டு, ஊர் வாயில் இன்னும் பால்வாடி. பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. டீச்சருக்குப் பதினைந்து வருஷ அனுபவம். யானைப் பாட்டுக்குக் கையைத் தும்பிக்கையாக்கி அவர் அசைத்தால், பிள்ளைகளோடு வெளியே நிற்கும் ஆட்டோக்காரரும் அசைவார். ஆனால் தும்பிக்கையின் நுனியில் இப்போது செல்போன் இருக்கிறது. எடை ஏற்றணும், உயரம் ஏற்றணும், படம் ஏற்றணும். நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை. 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு கொடுக்க முகப்பதிவும் கட்டாயம்.

போன மாதம் அங்கே நடந்ததை வாசலில் நின்று பார்த்தேன். அதே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளுடைய ஆயா சத்துமாவு வாங்க வந்தார். யானை பாதிப் பாட்டில் நின்றது. டீச்சர் போனை உயர்த்தினார்.

"ஆயா, உங்க முகம் வேணாம். பாப்பாவோட அம்மா முகம் வேணும்."

"அவ வேலைக்குப் போயிருக்காளே கண்ணு."

"அப்ப ஓ.டி.பி. சொல்லுங்க. அவங்க நம்பருக்குப் போயிருக்கும்."

அந்த எண் அந்த நேரத்தில் ஒரு தொழிற்சாலை கேட்டில், நூறு போன்களுக்கு நடுவே, பெட்டிக்குள் தனியாகச் சிணுங்கியிருக்கும். ஆயா வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பாதியில் நின்ற யானையை யாராவது தொடர்வார்கள் என்று பதினாறு பிள்ளைகள் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

இதே மாவட்டத்தின் இன்னொரு கோடியில், அரக்கோணம் பாதையில், திருவாலங்காடு இருக்கிறது. ரத்தினசபை பார்க்கப் போகிறவர்கள் காரைக்கால் அம்மையாரையும் கும்பிட்டுவிட்டு வருவார்கள். இந்த மண்ணைப் பற்றிய மிகப் பழைய பாட்டுகளில் ஒன்று அந்த அம்மையின் மூத்த திருப்பதிகம். துத்தம், கைக்கிள்ளை என்று சுரங்களின் பெயரும் பறைகளின் பெயரும் அதில் அடுக்கடுக்காக வரும். அதே பதிகத்தில் சுடுகாட்டுப் பேய் ஒன்றும் வருகிறது, பெண்பேய். நிணம் தின்று, தலையோட்டு மாலை போட்டுக்கொண்டு, தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்து, சீராட்டி வளர்த்து, மேலே படிந்த புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறது. போன தாய் வரக் காணாமல் பிள்ளை அழுது அழுது தூங்கிப்போகிறது.

சுடுகாட்டில், நிணம் தின்னும் பேய்க்கு, பிள்ளையின் புழுதியைத் துடைத்துப் பால் கொடுத்துவிட்டுப் போக நேரம் இருந்திருக்கிறது. அதற்குக் கம்பெனி பஸ் இல்லை. நம் பெண்ணோ நாலே முக்காலுக்குத் தூங்குகிற பிள்ளையைத் தாண்டிக் கால் வைத்துப் போகிறாள், விழித்தால் அழும் என்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருஷங்களில் திருவள்ளூர் மாவட்டம் கண்ட தொழில் வளர்ச்சியை இதைவிடச் சுருக்கமாக எந்த முதலீட்டாளர் மாநாட்டிலும் சொல்ல முடியாது. தாயிடமிருந்து பன்னிரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, தகப்பனிடமிருந்து காதை எடுத்துக்கொண்டு, அப்புறம் வாரம் 45 நிமிடத்தை ஏ.சி. அறையில் வைத்து அவர்களுக்கே விற்கிறோம். அதற்குப் பெயர் குடும்ப இசை.

டெமோ முடிந்தது. கவுண்ட்டரில் நான் மகள் அனுப்பிய பணத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து அவர். பாப்பாவை இடுப்பில் மாற்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். நோட்டீஸில் இருந்த 20 சதவீதத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அது கழிந்தால் இரண்டாயிரம். கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார்.

கவுண்ட்டர் பெண் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அவர் உள்ளே போய்வரும் மில்லின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஏதோ ஒரு லேபர் சப்ளை ஏஜென்சியின் பெயர் இருந்தது.

"இது கம்பெனி கார்டு இல்லையே அண்ணா. கான்ட்ராக்ட் கார்டு. இதுக்கு டிஸ்கவுன்ட் வராது" என்றாள், மெதுவாக, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்கிற நாகரிகத்தோடு.

பாப்பா அன்று கற்ற பாடத்தில் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்று அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

அவள் சத்தமாகச் சொன்னாள்.