தரையில் நின்று சுட்ட கடற்படை

பெறுநர்: பீரங்கித் தளவாடப் பணியகம், அமெரிக்கக் கடற்படை, வாஷிங்டன்.
பொருள்: கரப்பான்பூச்சி அரித்த அறிக்கைகள் தொடர்பாக.

மதிப்புக்குரிய பணியகத்தாருக்கு,

1959-இல் கலைக்கப்பட்டுவிட்ட ஓர் அலுவலகத்துக்கு மடல் விடுப்பது முறையா என்ற ஐயம் எழலாம். எனினும், வந்த தாள்களைப் படிக்காமலே கோப்பில் சேர்க்கும் கலையைப் பணியகம் இயங்கிய காலத்திலேயே கற்றுத் தேர்ந்திருந்தமையால், இம்மடலின் கதியில் பெரிய வேறுபாடு இராது.

1899-இல் வட அட்லாண்டிக் அணியின் ஐந்து கப்பல்கள், 1,600 கஜத் தொலைவில் நின்ற கிழட்டுக் கப்பலொன்றை ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் சுட்டு, அதன் பாய்களில் இரண்டே குண்டுகளைப் பதித்தன. கப்பல் அலையில் உருண்டு, இலக்கு நேர்கோட்டுக்கு வரும் கணம்வரை காத்திருந்து சுடுவதே அன்றைய வழக்கம். பிரிட்டிஷ் கடற்படையின் பெர்சி ஸ்காட், பீரங்கியை ஏற்றி இறக்கும் பல்சக்கரங்களின் விகிதத்தை மாற்றி, சுடும்போது பின்னுதைக்காதபடி தொலைநோக்கியைப் பொருத்தி, உருளலுக்கு ஈடாகப் பீரங்கியை ஓயாமல் அசைத்துக் குறி விலகாமல் காக்கும் ‘தொடர் குறிவைப்பு’ முறையை வகுத்தார். சீனக் கடற்பகுதியில் அதைக் கண்டறிந்த அமெரிக்க லெப்டினன்ட் வில்லியம் சிம்ஸ், 13 அறிக்கைகளை வாஷிங்டனுக்கு அனுப்பினார். அவற்றுள் சில பின்னாளில் கரப்பான்பூச்சிகளால் பாதி தின்னப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டன என்கிறார் வரலாற்றாசிரியர் எல்டிங் மாரிசன். தலைமையகத்தில் அவ்வறிக்கைகளைச் செரித்துக்கொண்ட உயிர்கள் அவை மட்டுமே.

சிம்ஸ் பிற அதிகாரிகளுக்கும் படிகளை அனுப்பியதால் மௌனம் போதாமற்போக, அமெரிக்கக் கருவிகள் பிரிட்டிஷ் கருவிகளுக்கு இளைத்தவையல்ல, ஆகவே குறை வீரர்களுடையது, அவர்களைப் பயிற்றுவது கப்பல் அதிகாரிகளின் பொறுப்பு என்று பதில் பிறந்தது. ஆடத் தெரியாதவர் கூடத்தைக் கோணல் என்பது பழமொழி. கூடத்தைக் கட்டியவரே ஆடுபவரைப் பழித்தது பணியகத்தின் தனிப்பெரும் புத்தாக்கம்.

அதன் உச்சம், வாஷிங்டன் கடற்படைத் தளத்தின் கெட்டித் தரையில் நடத்தப்பட்ட சோதனையாகும். கடலில், அச்சில் சமநிலையாக அமர்ந்த பீரங்கி, இருந்த நிலையிலேயே இருக்க முயலும் நிலைமப் பண்பினால், கப்பல் தன்னைச் சுற்றி உருளும்போது வீரருக்குத் துணைநிற்கிறது. தரையிலோ அதன் முழுப் பாரத்தையும் ஆட்களே அசைத்தாக வேண்டும். ஐவர் முக்கி முனகியும் போதிய விரைவு கிட்டாமையால், தொடர் குறிவைப்பு இயலாதது என்று பணியகம் முறைப்படி நிறுவியது. பிரிட்டிஷ் கப்பல்கள் அதனை அன்றாடம் செய்துவந்தமை பரிசீலனைக்கு உரியதாகக் கருதப்படவில்லை போலும். இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. தாம் செய்த கருவியைத் தாமே சோதிப்பவர்களுக்கு நேர்மையாகவே இவ்வாறு தோன்றும் என்பதுதான் அச்சமூட்டுவது.

இறுதியில் சிம்ஸ் படிநிலைகளைத் தாண்டி, குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட்டுக்கே எழுதினார். 1902-இல் இலக்குப் பயிற்சி ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். 1899-க்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், அதே 1,600 கஜத்தில், 75-க்கு 25 அடி இலக்கில், ஒரே வீரர் ஒரு நிமிடத்தில் 15 குண்டுகளைப் பதித்தார்.

ஆகவே, 13 அறிக்கைகளுக்கும் நிலுவையிலுள்ள ஒப்புகையை, எஞ்சிய தாள்களுக்கேனும், விரைந்து அனுப்பிவைக்குமாறு பணியகம் வேண்டிக்கொள்ளப்படுகிறது.